எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? விமான டிக்கெட் கேள்வி-பதில்

பள்ளி விடுமுறை நெருங்கினால் டிக்கெட் விலை பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தூரத்தையும் நேரத்தையும் பற்றியவை. காரணம் இருக்கிறது: டிக்கெட், மைலேஜ் (பறந்த தூரத்துக்கு நிறுவனம் தரும் சலுகைப் புள்ளி), தாமத இழப்பீடு, தீர்வை என்று ஒவ்வொன்றும் தூரத்தை ஒவ்வொரு விதமாக அளக்கிறது. எது எதை வைத்து அளக்கிறது என்று தெரியாவிட்டால் கையிலிருந்து காசு போகும்.

கேள்வி: மகன் நியூயார்க்கில் படிக்கிறான். சிங்கப்பூரிலிருந்து எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் ஒரு தளம் 15,300 என்கிறது, இன்னொன்று 9,500, மற்றொன்று 8,300. விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போனால் 17 மணி நேரத்தில் சேர்ந்துவிட வேண்டும். டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடத்துக்கு மேல் போட்டிருக்கிறது. எதை நம்புவது? – ஈசூன் வாசகர்

பதில்: மூன்று தளங்களும் சரியாகத்தான் சொல்கின்றன, அலகுதான் வேறு. நம் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையம் சுமார் 15,340 கிலோமீட்டர். அதுவே 9,530 மைல், அதுவே 8,280 கடல் மைல். ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகளும் விமானத் தயாரிப்பாளர்களும் கடல் மைலில் பேசுவார்கள். மைலேஜ் திட்டங்கள் சாதாரண மைலில் கணக்கு வைக்கும். தளத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இந்த 15,340 என்பது பூமியின் மேற்பரப்பில் இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே போகக்கூடிய ஆகக் குறுகிய வளைகோடு. வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பசிபிக் பக்கமும் போகாது, அட்லாண்டிக் பக்கமும் போகாது. நேரே வடக்கே ஏறி, சீனா, ரஷ்யா வழியாக வட துருவத்தை உரசிக்கொண்டு, கனடாவுக்குள் இறங்கும். சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74 பாகை. கூட்டினால் 178. அதாவது இரண்டும் ஏறக்குறைய உலகின் எதிரெதிர்ப் பக்கங்கள். தட்டையான சுவர் வரைபடத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆனால் விமானம் அந்த நூலின் மேல் பறப்பதில்லை. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டம் தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. விமானமும் அதே உயரத்தில்தான் பறக்கிறது. அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டால் எரிபொருளும் மிச்சம், நேரமும் மிச்சம். அதனால் நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் கடலுக்கு மேலே கிழக்கு நோக்கிப் போவார்கள். திரும்பும்போதும் பல நாள்களில் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, இந்தியா வழியாக வருவார்கள். ஒரு போய்வரும் பயணத்தில் மகன் உலகையே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம்! இப்படிச் சுற்றிப் போவதால் பறக்கும் தூரம் குறுகிய கோட்டைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுவது சகஜம்.

அடுத்து நேரம். டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. சாங்கியில் சக்கரத்தின் அடைகட்டையை எடுத்ததிலிருந்து, அங்கே நுழைவாயிலில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்குப் போவது, வரிசையில் நிற்பது, மெதுவாக மேலே ஏறுவது, இறங்குமுன் வட்டமடிப்பது எல்லாம் அதில் சேரும். ஜேஎஃப்கே போன்ற நெரிசலான நிலையத்தில் தரையில் ஊர்வதற்கே அரை மணி நேரம் போகலாம். நிறுவனமும் தாமதப் பெயர் வாங்காமல் இருக்கக் கொஞ்சம் கூட்டியே போட்டுவைக்கும்.

நீங்களே மதிப்பிட ஒரு சுருக்கு வழி உண்டு. கிலோமீட்டரை 900-க்குப் பதில் 850-ஆல் வகுத்து, 40 நிமிடம் கூட்டுங்கள். நியூயார்க்குக்கு 18 மணி 40 நிமிடம் வரும், உங்கள் டிக்கெட்டுக்கு வெகு நெருக்கம். சென்னை 2,920 கி.மீ., ஏறக்குறைய 4 மணி 5 நிமிடம். சிட்னி 6,300 கி.மீ., 8 மணியை ஒட்டி. லண்டன் ஹீத்ரோ 10,880 கி.மீ., 13 மணி 25 நிமிடத்தை ஒட்டி. போகும் வழியும் திரும்பும் வழியும் சேர்ந்த சராசரி என்று இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிக்கெட் தளம் இதைவிட இரண்டு மணி நேரம் குறைவாகக் காட்டினால் நேர வேறுபாட்டில் பிழை செய்திருக்கலாம். இரண்டு மணி நேரம் கூடுதலாகக் காட்டினால், நடுவில் எங்கோ இறங்கலாம்.

கேள்வி: மகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து டிசம்பரில் வருகிறாள். 15ஆம் தேதி இரவு 10 மணிக்குக் கிளம்பி 17ஆம் தேதி காலை 7 மணிக்கு இங்கே வருவதாக டிக்கெட்டில் இருக்கிறது. 33 மணி நேரமா பறக்கிறாள்? இடைநில்லா விமானம் என்றுதான் சொன்னார்கள். – செங்காங் வாசகி

பதில்: 17 மணி நேரம்தான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர் நேரம், சேரும் நேரம் இந்த ஊர் நேரம். இரண்டையும் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நம்மைவிட 16 மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே 15ஆம் தேதி இரவு 10 என்றால் இங்கே 16ஆம் தேதி பிற்பகல் 2. அதிலிருந்து 17ஆம் தேதி காலை 7 வரை 17 மணி நேரம்.

மகள் திரும்பிப் போகும்போது இதற்கு நேர்மாறாக இருக்கும். இங்கே காலை 9 மணிக்குக் கிளம்பி 15 மணி நேரம் பறந்தால் அங்கே அதே நாள் காலை 8 மணி. கடிகாரப்படி கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிடுவாள். தூரம் இரு வழியிலும் 13,580 கி.மீ.தான். வரும்போது ஜெட் காற்று முகத்தில் அடிக்கிறது, போகும்போது முதுகில் தள்ளுகிறது. குளிர்காலத்தில் அந்தக் காற்று வலுக்கும், அதனால் இந்த வித்தியாசமும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதிகம் தெரியும்.

கோடைக்கால நேர மாற்றத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வைப்பார்கள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். சிட்னி, மெல்பர்னில் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு முடியும். சிங்கப்பூரும் இந்தியாவும் மாற்றுவதில்லை, அதனால் சென்னைக்கு எப்போதும் இரண்டரை மணி நேர வித்தியாசம்தான். மார்ச்சில் லண்டன் வழியாக நியூயார்க் போகிறவர்கள் இரண்டு ஊருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். அமெரிக்கா மாற்றிவிட்டு பிரிட்டன் மாற்றாத இரண்டு மூன்று வாரங்கள் அந்த மாதத்தில் உண்டு.

ஒரு தவறு ஆண்டுதோறும் நடக்கிறது. 15ஆம் தேதி 00:30 என்று போட்டிருந்தால் 14ஆம் தேதி இரவு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு வந்து நின்றால் விமானம் முந்தின இரவே போயிருக்கும். தமிழ்நாட்டுக்கு நள்ளிரவை ஒட்டிய விமானங்கள் உண்டு என்பதால் நம்மவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். விடுப்பு எழுதும்போதும் 14ஆம் தேதி மாலையைக் கணக்கில் எடுங்கள்.

கேள்வி: சிராங்கூன் சாலையில் ஒரு பயண முகவர் நியூயார்க்குக்கு "டைரக்ட்" டிக்கெட் இருக்கிறது, மற்றதைவிட 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மலிவு என்றார். மொத்தம் 24 மணி நேரம் காட்டுகிறது. டைரக்ட் என்றால் ஏன் இவ்வளவு நேரம்? ஏமாற்றுகிறாரா? – புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: ஏமாற்று இல்லை, ஆனால் முழுவதும் சொல்லவில்லை. விமானத் துறையில் டைரக்ட் என்றால் விமான எண் மாறாது என்பது மட்டுமே பொருள். நடுவில் இறங்காது என்பதற்கு "நான்-ஸ்டாப்", இடைநில்லா விமானம் என்று தனிச்சொல் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 26 சிங்கப்பூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போய், அங்கிருந்து அதே எண்ணில் நியூயார்க் போகிறது. உங்களுக்குக் காட்டியது அதுவாக இருக்கலாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் கைப்பையோடு எல்லாரும் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். பெரிய பெட்டியை நீங்கள் தொட வேண்டியதில்லை. 10,280 கி.மீ., பிறகு 6,190 கி.மீ., மொத்தம் 16,470. குறுகிய கோட்டைவிட 1,100 கி.மீ.தான் கூடுதல். நேரம் கூடுவது தூரத்தால் அல்ல, தரையில் இருக்கும் இரண்டு மணி நேரத்தாலும் இரண்டாம் முறை ஏறி இறங்குவதாலும், அட்லாண்டிக்கை மேற்கு நோக்கி எதிர்க்காற்றில் கடப்பதாலும்.

900 வெள்ளி ஏன் குறைகிறது? 2018 அக்டோபரில் தொடங்கிய இடைநில்லாச் சேவைக்கு ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் என்ற நீள்தூர ரகத்தை வாங்கினார்கள். அதில் மொத்தம் 161 இருக்கைகள்: 67 பிஸினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி கிடையாது. அவ்வளவு எரிபொருளைத் தூக்கிக்கொண்டு பறக்கும்போது ஆள்களையும் அடைத்துக்கொண்டு போக முடியாது. ஆக, நீங்கள் ஒப்பிடுவது ஒரே பொருளின் இரண்டு விலையை அல்ல. ஒரு பக்கம் 38 அங்குல இடைவெளியுள்ள பிரீமியம் எகானமி இருக்கை, மறுபக்கம் 32 அங்குல எகானமி இருக்கை.

கணக்கு இப்படிப் போடுங்கள். மிச்சமாகும் நேரம் சுமார் ஐந்தரை மணி. 900 வெள்ளியை அதனால் வகுத்தால் மணிக்கு 164 வெள்ளி. வெறும் நேரத்துக்கு அது அதிகம்தான், ஆறு அங்குலம் கூடுதல் கால் இடத்தையும் சேர்த்து அந்த விலை என்றால் யோசிக்கலாம். எழுபதைத் தாண்டிய பெற்றோர் என்றால் இடைநில்லா விமானமே நல்லது என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். எங்கள் கருத்து வேறு. பதினெட்டரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார முடியாத மூட்டுவலிக்காரருக்கு நடுவில் இரண்டு மணி நேரம் நடந்து காலாற இருப்பது நல்லது. நடக்கவே முடியாமல் சக்கர நாற்காலி தேவைப்படுபவருக்கு நடுவில் இறக்கி ஏற்றுவதுதான் வேதனை.

முகவரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை முறை தரையிறங்கும், விமானம் மாற வேண்டுமா, பெட்டி கடைசி ஊர் வரை தானாகப் போகுமா, எல்லாம் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கிறதா. நான்காவது கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏன் என்பது அடுத்த கடிதத்தில் தெரியும்.

கேள்வி: அப்பா அம்மா திருச்சியிலிருந்து மலிவுக் கட்டண விமானத்தில் சாங்கி வந்து, வேறொரு நிறுவனத்தில் லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறார்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட். நடுவில் 2 மணி 15 நிமிடம் இருக்கிறது. போதுமா? இருவரும் இந்தியக் கடப்பிதழ், பிரிட்டன் விசா இருக்கிறது. – தெம்பனிஸ் வாசகி

பதில்: போதாது. இன்னும் பணம் கட்டவில்லை என்றால் இப்படி வாங்காதீர்கள்.

நிமிட வாரியாகப் பாருங்கள். விமானம் சரியான நேரத்துக்கு வந்தாலும் நின்று, கதவு திறந்து, இவர்கள் வெளியே வர 15-20 நிமிடம். தனித்தனி டிக்கெட் என்பதால் பெட்டி லண்டனுக்குத் தானாகப் போகாது. குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுக்க வேண்டும். அதற்கு 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புறப்பாட்டு முனையத்துக்குப் போய் மறுபடி பெட்டி போட வேண்டும். முகப்பு பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். ஆக, உங்களிடம் இருப்பது 2 மணி 15 நிமிடம் அல்ல, 1 மணி 15 நிமிடம்தான். திருச்சியில் அரை மணி நேரம் தாமதமானால் எல்லாம் முடிந்தது. முனையம் 1, 2, 3 மூன்றும் ஸ்கைடிரெயின் என்ற குட்டி ரயிலால் இணைந்தவை. நான்காவது முனையம் தனியே இருக்கிறது, பேருந்தில்தான் போக வேண்டும். இரண்டு விமானங்களில் ஒன்று அங்கே என்றால் இன்னும் அரை மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள்.

அடுத்தது விசா. இந்தியக் கடப்பிதழில் வருபவர் குடிநுழைவைத் தாண்டி வெளியே வரச் சிங்கப்பூர் விசா வேண்டும். பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருக்கும் இடைவழிப் பயணிகளுக்கு 96 மணி நேர விசா விலக்குத் திட்டம் இருக்கிறது. அதற்கு நிபந்தனைகளும் உண்டு. ஐசிஏ எனும் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் பெற்றோரின் பயணத்துக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் திருச்சியிலேயே ஏற விடமாட்டார்கள்.

லண்டன் விமானத்தைத் தவறவிட்டால் முதல் நிறுவனம் பொறுப்பேற்காது, அது திருச்சி–சிங்கப்பூர் வேலையை முடித்துவிட்டது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை இவர்கள் வராத பயணிகள். திரும்பும் டிக்கெட்டும் சேர்ந்து ரத்தாகும் வாய்ப்பு உண்டு. பல பயணக் காப்புறுதிகள் தனித்தனி டிக்கெட்டின் இணைப்பு தவறுவதை ஏற்பதில்லை, அல்லது குறைந்தபட்ச இடைவெளி கேட்கின்றன. ஒப்பந்தத்தில் "இணைப்பு விமானத்தைத் தவறவிடுதல்" பகுதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டு வழிகள் உண்டு. திருச்சி–லண்டன் முழுவதையும் ஒரே முன்பதிவு எண்ணில் வாங்கினால் பெட்டி நேரே போகும், குடிநுழைவு வேண்டாம், தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் கடமை. விலை கட்டுப்படாது என்றால் நடுவில் ஓர் இரவு வையுங்கள். பெற்றோர் தெம்பனிஸுக்கு வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மறுநாள் போகலாம். விசாவோ விலக்கோ இருந்தால் இதுவே எங்களுக்குப் பிடித்த வழி. திருச்சி–சாங்கி சுமார் 2,980 கி.மீ., சாங்கி–லண்டன் 10,880 கி.மீ. எழுபது வயதில் இரண்டையும் ஒரே மூச்சில் முடிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். சாப்பாட்டுச் சீட்டு கொடுத்தார்கள். நண்பர் இழப்பீடு கிடைக்கும் என்கிறார். ஆனால் அவர் மைத்துனர் இங்கிருந்து லண்டன் போனபோது ஆறு மணி நேரம் தாமதமாகியும் ஒன்றும் கிடைக்கவில்லையாம். ஒரே தூரம்தானே? – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: தூரம் ஒன்று, புறப்பட்ட இடம் வேறு. பிரிட்டனின் விதி, பிரிட்டனிலிருந்து புறப்படும் எல்லா நிறுவனங்களின் விமானங்களுக்கும் பொருந்தும். பிரிட்டனுக்கு வரும் விமானம் என்றால் பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே. மைத்துனர் போனது ஆசிய நிறுவனத்தில் என்றால் அவருக்கு அந்த விதி இல்லை. உங்களுக்கு உண்டு.

தொகை தூரத்தை வைத்து. 1,500 கி.மீ. வரை 220 பவுண்ட், 3,500 வரை 350, அதற்கு மேல் 520. ஹீத்ரோ–சாங்கி மூன்றாவது வகை. 3,500 கி.மீ.க்கு மேல் என்றால் மூன்று முதல் நான்கு மணி நேரத் தாமதத்துக்குப் பாதி, 260 பவுண்ட். நான்கைத் தாண்டினால் முழுத்தொகை. ஐந்து மணி நேரத்துக்கு உங்களுக்கு ஆளுக்கு 520. ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து புறப்பட்டால் அதே தூரங்களுக்கு 250, 400, 600 யூரோ. இங்கே தூரம் என்பது முதல் கேள்வியில் சொன்ன குறுகிய வளைகோட்டுத் தூரம்தான், விமானம் எவ்வளவு சுற்றிப் பறந்தது என்பதல்ல. ஒரே முன்பதிவில் இணைப்பு விமானம் என்றால் தொடக்க ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையே அளப்பார்கள்.

தாமதத்தை எதுவரை எண்ணுவது? சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல, நுழைவாயிலில் விமானத்தின் கதவு ஒன்றாவது திறந்த நேரம். நான்கு மணி நேரத்தை ஒட்டிய தாமதத்தில், தரையைத் தொடுவதற்கும் கதவு திறப்பதற்கும் இடையே உள்ள பத்து நிமிடம் 260 பவுண்டுக்குச் சமம். கதவு திறக்கும்போது கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள், நேரம் பதிவாகிவிடும்.

நிறுவனம் "அசாதாரணச் சூழ்நிலை" என்று மறுக்கலாம். புயல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம், பாதுகாப்பு மிரட்டல் ஆகியவை அதில் அடங்கும். வழக்கமான இயந்திரக் கோளாறு அடங்காது. "செயல்பாட்டுக் காரணங்கள்" என்று மட்டும் எழுதினால் என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். விமான எண், தேதி, முன்பதிவு எண், ஏற்றச் சீட்டு (போர்டிங் பாஸ்), கதவு திறந்த நேரம் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் நிறுவனத்தின் கோரிக்கைப் பிரிவுக்கு அனுப்புங்கள். சாப்பாட்டுச் சீட்டு வாங்கியதால் உரிமை போகாது, அது தனி. பயணச் சலுகைச் சீட்டாகத் தருகிறோம் என்றால் ரொக்கம் கேட்கலாம். இங்கிலாந்தில் வழக்குத் தொடரக் காலக்கெடு ஆறு ஆண்டுகள், அதனால் பழைய தாமதத்துக்கும் கேட்கலாம். தொகையில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளும் இடைத்தரகர் நிறுவனங்கள் இதற்குத் தேவையே இல்லை.

மைத்துனருக்கு வேறு வழி உண்டு, ஆனால் கடினம். விமானப் பயணத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தமான மாண்ட்ரியல் உடன்படிக்கையில் தாமதத்தால் உண்மையில் ஏற்பட்ட இழப்பைக் கேட்கலாம். ரசீது வேண்டும், காத்திருந்த எரிச்சலுக்குக் காசு இல்லை. உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 6,303 எஸ்டிஆர், அது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். இங்கே பயனீட்டாளர் சங்கமான கேஸ் உதவும். தீராவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது.

இந்தியா தூரத்தைப் பார்ப்பதில்லை, டிக்கெட்டில் உள்ள பயண நேரத்தைப் பார்க்கிறது. இந்திய நிறுவனம் முறைப்படி முன்கூட்டிச் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது. சென்னை–சிங்கப்பூர் நான்கு மணி நேரம் என்பதால் இந்த வகையில் வரும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இந்த இழப்பீட்டு விதி இல்லை.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் லண்டன் போனபோது இப்போதைவிட நேரம் குறைவாக இருந்ததே? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: ஊர் நகரவில்லை, வழி நகர்ந்துவிட்டது. 2022இல் உக்ரேன் போர் தொடங்கியபின் பல நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியை விட்டுவிட்டன. மத்தியக் கிழக்கில் பதற்றம் எழும்போது ஈரான், ஈராக் வான்வெளியையும் தவிர்த்துச் சுற்றிப் போகிறார்கள். 2024இல் குவாண்டாஸின் பெர்த்–லண்டன் இடைநில்லா விமானம், 14,500 கி.மீ. பறப்பது, இப்படிச் சுற்ற வேண்டியதாகி, எரிபொருள் போதாமல் சில காலம் நம் சாங்கியில் இறங்கிப் போனது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியதால் டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்களும் நீண்டன. ஐரோப்பாவில் இறங்கி ரயில் பிடிக்கிறவர்கள் மாற்ற முடியாத மலிவு ரயில் டிக்கெட்டை வாங்காதீர்கள், அல்லது நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: டிக்கெட்டில் எரிபொருள் தீர்வை என்று புதிதாக வரப்போகிறதாமே? அதுவும் தூரத்தை வைத்தா? – பொங்கோல் வாசகி

பதில்: ஆம், ஆனால் கிலோமீட்டர் கணக்கில் இல்லை, வட்டாரக் கணக்கில். பசுமை விமான எரிபொருளுக்கான தீர்வையைச் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 ஏப்ரல் 1 முதல் விற்கப்பட்டு, அக்டோபர் 1 முதல் புறப்படும் பயணங்களுக்கு என்பது அந்த அறிவிப்பு. எகானமி, பிரீமியம் எகானமியில் தென்கிழக்காசியாவுக்கு 1 வெள்ளி. இந்தியா, ஆஸ்திரேலியா இருக்கும் வகைக்கு 2.80. ஐரோப்பாவுக்கு 6.40, அமெரிக்கக் கண்டங்களுக்கு 10.40. பிஸினஸ், முதல் வகுப்புக்கு நான்கு மடங்கு. சாங்கியில் விமானம் மாறிப் போகும் பயணிக்கு இல்லை. பயணத்தைத் தள்ளிப்போட வேண்டிய தொகை இது அல்ல.

கேள்வி: சென்னை, திருச்சி, மதுரை, கோவை – மைலேஜ் எதற்கு அதிகம்? – தோ பாயோ வாசகர்

பதில்: சென்னை 2,920 கி.மீ., திருச்சி 2,980, மதுரை 3,010, கோவை 3,160. வித்தியாசம் 240 கி.மீ., அதாவது 150 மைல். அதற்காக ஊரை மாற்ற வேண்டாம்! தூரத்தைவிடக் கட்டண வகுப்புதான் முக்கியம். தூரத்தை அடிப்படையாகக் கொண்ட திட்டத்தில் மலிவு வகை டிக்கெட்டுக்கு 50 சதவீதம்தான் என்றால் சென்னையின் 1,814 மைலில் 907 மட்டுமே சேரும். வாங்கும் முன் கட்டண வகுப்பின் எழுத்தைத் திட்டத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மைல் சேரவில்லை என்றால் பின்னர் கோர ஏற்றச் சீட்டும் மின்டிக்கெட் எண்ணும் கேட்பார்கள், மைல் கணக்கில் விழும் வரை அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.